பாண்டியில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை

பிப்ரவரி 2, வெள்ளி

காலையில் பனி. துறைமுகத்தில் கிரேனின் நுனி தெரியவில்லை. கோதுமைக் கப்பல். மூட்டை எண்ணி எழுதும் வேலையில் இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது.

நாளைக்கு லீவு கிடைத்துவிட்டது. வீட்டில் சொன்னது: விழுப்புரத்தில் நண்பன் கல்யாணம். பொய். போவது பாண்டிச்சேரி. நாளை போய் மறுநாள் திரும்ப வேண்டும்.

என்னோடு மூட்டை எண்ணும் தேவராஜிடம் மட்டும் உண்மை சொன்னேன். தப்பு.

"பாண்டிக்கா? இன்னா மாமு, மதுவிலக்குல தொண்ட காஞ்சி கீதா?"

"பொண்டாட்டியோட போறேன்டா."

"பொண்டாட்டிய இட்டுகினு பாண்டிக்கு எவன்டா போவான்? தோஸ்தோட போவான்!"

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

காரணத்தை இவனிடம் எப்படிச் சொல்வது? திருவொற்றியூரில் எங்களுக்கு ஒரே அறை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு, நானும் பிலோமினாவும். நடுவில் தொங்கும் பழைய புடவைதான் சுவர். கல்யாணமாகி ஏழு மாதம். கோபம் வந்தாலும் கிசுகிசுதான். பட்டணத்தில் லாட்ஜ் எடுத்தால் மறுநாளே ராயபுரம் முழுக்கத் தெரியும். மனைவியோடு தனியாக இருக்க ஒரு தொழிலாளி பிரெஞ்சுக்காரன் ஊருக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. இது சுதந்திரம் வந்த நாடு.

எடுத்துக்கொள்ள: வேட்டி 1, சட்டை 1, பிலோ புடவை 1, சோப்பு, துண்டு, புளிச்சோறு. ஜெபமாலை அவள் வைத்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் சுயமரியாதைக் கல்யாணம் மாலை மாற்றியதோடு முடிந்தது. மேடையில் இரண்டு பேர் பேசினார்கள், நானும் பேசினேன். ஐயர் இல்லை, பாதிரியார் இல்லை, தாலி இல்லை. ரிஜிஸ்தரில் எழுதலாம் என்றால், 'நான் கிறிஸ்தவள் இல்லை' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன் என்றாள். மாதா கோயிலில் நான் முழங்கால் போட மாட்டேன் என்றேன். சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. எனக்குக் கல்யாணம். அவளுக்கு? கேட்டதில்லை. கிசுகிசுவில் கேட்கிற கேள்வியா அது?

பிப்ரவரி 3, சனி. மாலை 5. பாண்டி, கடற்கரை பெஞ்சு

நல்ல வெயில். விழுப்புரத்தில் வண்டி மாறினோம். எல்லையில் சுங்கச் சிப்பாய் பெட்டியைத் திறக்கவே இல்லை. "திரும்பி வரச்சே பார்த்துக்கறோம்" என்று ஓர் இளிப்பு.

அழகான ஊர். எரிச்சல் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், உயர மதில், சாத்திய ஜன்னல். இந்தப் பக்கம் நம்மவர்கள்.

"தெருவு இன்னா சுத்தமா கீது!" என்றாள் பிலோ.

"கூட்டறவன் யாருன்னு பாரு."

"ஒரு நாளு சும்மா இரேன்."

லாட்ஜ் 1: மேஜைக்காரன் முகத்தைப் பார்க்கவில்லை, பிலோவின் கழுத்தைப் பார்த்தான். "ரூம் இல்லீங்க." அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையாகச் சாவிகள்.

லாட்ஜ் 2: "பொம்பளையோட வர்ற மெட்ராஸ்காரங்களுக்கு வேற தெரு இருக்கு." கையை ஓங்கிவிட்டேன். பிலோ இழுத்துக்கொண்டு வந்தாள்.

லாட்ஜ் 3: கிழவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிறவர். உட்காரச் சொன்னார். "முசியே, கல்யாணப் பத்திரம் இருக்கா? இல்லேன்னா அம்மா கழுத்துல தாலியாவது இருக்கணும். போலீஸ் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" தாலி பெண்ணுக்குப் போட்ட விலங்கு என்பதைக் கால் மணி நேரம் விளக்கினேன். முழுவதும் கேட்டார். "நல்லாப் பேசறீங்க. ரூம் தர முடியாது."

திரும்பும் வண்டி இனி காலையில்தான். சிவப்புத் தொப்பி போலீஸ்காரன் ஒருவன் இரண்டு முறை எங்களைக் கடந்து போனான்.

பிலோ கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். "இரு, வந்துடறேன்" என்றாள். அரை மணி ஆயிற்று. எதற்குப் போனாள்? தனியாக விட்டது தப்பு. தேடிப் போனால், வந்து என்னைக் காணாமல் நிற்பாள். அந்தப் போலீஸ்காரன் அதே பக்கம்தான் நடக்கிறான்.

பிப்ரவரி 4, ஞாயிறு. காலை

அறையில். பிலோ மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறாள். கோயிலில் கட்டிக்கொள்ளாதவள் நற்கருணை வாங்க முடியாது, கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருவாளாம். நேற்றைய மீதி:

வந்தாள். கையில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள்.

"கட்டு."

"பைத்தியமா உனக்கு? ஊரெல்லாம் நான் பேசினது..."

"பேசுனது நீ. பாக்குறது என் கழுத்த. ஏழு மாசமா கொழாயடில இன்னா பேரு சொல்லி கூப்புடுறாளுங்க தெரியுமா? உனக்கு ஒண்ணுமில்ல, நீ ஆம்பள. நைட்டெல்லாம் இந்த பெஞ்சுலயே குந்திகினு இருக்கலாம், வா."

தெரு விளக்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

கட்டினேன். தினமும் மூட்டையும் கயிறுமாகக் கிடக்கிறவன், முடிச்சு விழவில்லை. கடலைக்காரன் நின்று வேடிக்கை பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

கிழவர் ஈரம் காயாத மஞ்சளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துத் தந்தார்.

கதவு. தாழ்ப்பாள். பிலோ அதைப் போட்டுத் திறந்து மறுபடி போட்டாள். சத்தமாகச் சிரித்தோம். பிறகு சத்தமாகச் சண்டை, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் என்று எனக்குத் தெரியாது.

இன்று எழுந்ததும் கண் போனது அவள் கழுத்துக்கு. கயிறு இருந்தது. நிம்மதியாக இருந்தது. என்ன ஆள் நான்?

அன்றே மாலை. விழுப்புரம் பிளாட்பாரம்

எல்லையில் பிலோவைத் தனியே கூப்பிட்டு ஒரு பெண் சோதனை போட்டாள். ஒன்றுமில்லை.

மதராஸ் வண்டி தாமதம். பெஞ்சில் உட்கார்ந்ததும் பிலோ கயிற்றைக் கழற்றினாள்.

"ஏன்? இருக்கட்டுமே" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "உனுக்கு ஆவாதே?"

"தனியா வூடு பாக்கலாம்னு கீறேன். கழுத்துல இருந்தா சீக்கிரம் கெடைக்கும்."

சொன்னது என் வாய்தான்.

"நேத்து நீ ஆசையா கட்டுனேன்னு கொஞ்ச நேரம் நெனச்சிகினு இருந்தேன். ரூமுக்குத்தான் கட்டுன. இப்போ வூட்டுக்கா? ரூமு காலி பண்ணியாச்சு, இதுவும் அவ்ளோதான்."

பெஞ்சின் அடியில் போட்டாள். காபி வேணுமா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

மேகம். வேலையில் மூட்டை எதுவும் தப்பவில்லை. தேவராஜ்: "இன்னா, ஒரு பாட்டிலு கூட இல்லியா? வேஸ்ட்டுடா நீ."

வேலை விட்டதும் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறை பார்த்தேன். ஓடு போட்டது. தனி வாசல். வீட்டுக்கார அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சம்சாரத்த இட்டுகினு வா நைனா, பாத்துட்டுத்தான் வுடுவேன். கண்டதுங்கல்லாம் வருது" என்றாள்.

வந்து பிலோவிடம் சொன்னேன். புதிதாக ஒரு கயிறு வாங்கிவரட்டுமா என்றும் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"வேணா. இப்டியே வரேன். அந்தம்மா கேட்டா நீ பதுலு சொல்லு. மேடையில ஆயிரம் பேரு முன்னால சொன்ன, ஒரு பொம்பள கிட்ட சொல்ல மாட்டியா?"

தலை வாரி, வேறு புடவை கட்டி, வாசலில் நிற்கிறாள். கழுத்தை மூடிக்கொள்ளவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே வந்து இதை எழுதுகிறேன். அந்த அம்மாளிடம் சொல்ல முதல் வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. கூப்பிடுகிறாள்.