களிம்பும் வெந்நீர்ப் பையும்

ஜனக்புரி, புது தில்லி
18-1-1983

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் லண்டன் குளிரில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் பிரசவத்துக்கு அவளால் வர முடியாதம்மா, விமான டிக்கெட்டை நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் முழங்கால் மூட்டுத் தேய்ந்தது உனக்குத் தெரியும், வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால் டாக்டர் அதை நிறுத்திவிட்டுத் தடவிக்கொள்ள ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மெல்லிசாகத் தடவவேண்டும், அதன்மேல் சூடு வைக்கவே கூடாது, வலிதான் குறையும், தேய்ந்தது வளராது என்று இந்தியில் சொன்னார். பின்னால் கூட்டம் நின்றது, நானும் அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டு, இந்தி புரியாத அவளிடம் தினம் இரண்டு வேளை தடவணுமாம் என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் வலி குறைந்து, விமானத்தில் ஏறணுமே என்று காலையில் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினாள். அப்புறம் குளிர் முற்றி வலி திரும்பியது. போன செவ்வாய் நான் ரேஷன் கடைக்குப் போனபோது களிம்பை அள்ளிப் பூசி, துணி சுற்றி, வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். எரிந்ததை, மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துப் பொறுத்தாளாம். நான் வந்து அவிழ்த்தபோது தோல் துணியோடு வந்துவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு, ஆற இரண்டு மாதமாவது ஆகும் என்கிறார்கள்.

அவள் அழவில்லை. உனக்காக இடித்து வைத்த பிரசவ மருந்துப் பொடியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னாள். "காய்ச்சல்னு எழுதுங்க. நான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா பிள்ள மனசு ஒடைஞ்சிருவா" என்றாள். கட்டு மாற்றும்போதெல்லாம் என் புத்திக்கு என்ன வந்தது என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். சூடு வைக்காதே என்று டாக்டர் சொன்னதை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை செல்வி. முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் யார் யாருக்கோ மொழிபெயர்த்தவன், அவளுக்கு ஒரு வரி சொல்லவில்லை.

பனியில் பார்த்து நட, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை லீவு போடச் சொல். அம்மாவுக்குத் தனியாக எழுது, காலைப் பற்றிக் கேட்காதே, பச்சைப் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று கேள். நல்லபடியாகப் பெற்று எழுந்திரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. இந்தக் கடிதத்தை முடித்ததும் அவளிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன்.

உன் அப்பா,
ஜோதிலிங்கம்