லேபிளில் ஒரு துப்பாக்கி

கழுகுமலை
12.3.1996

அன்புள்ள மகளுக்கு,

நான் பட்டாளத்தில் சைக்கிள் ஓட்டுவதாகத் தீப்பெட்டி லேபிளுக்கு நீ வரைந்த படம் கிடைத்தது. மூன்று பிழைகள் இருக்கின்றன.

சைக்கிள் விளக்கு முழுசாக எரிகிறது. யுத்த காலத்தில் எதிரி கண்ணில் படாமலிருக்க, கண்ணாடியில் பாதிக்குக் கறுப்பு அடித்திருப்போம். இரும்புத் தொப்பி இந்தக் காலத்தது. அப்போது தாம்பாளத்தைக் கவிழ்த்ததுபோல் இருக்கும்.

துப்பாக்கியை அச்சு அசலாக வரைந்திருக்கிறாய். ஆனால் அங்கே நான் சமையல்காரன். சைக்கிளில் கொண்டுபோனது சோற்று அண்டா.

“அண்ணாச்சி, எத்தன பேரச் சுட்டீய?” என்று டீக்கடையில் இன்றும் கேட்கிறார்கள். ஐம்பது வருடமாகச் சிரித்து வைக்கிறேன். உன் அம்மாவும் உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

துப்பாக்கியை அழித்துவிட்டு அண்டாவை வரை. டீக்கடைக்கும் இந்தத் தீப்பெட்டிதான் வரும்.

திருத்திய படத்துக்குக் காத்திருக்கும்,
அப்பா