சபுரா காப்பியும் மிளகாய்க் குடோனும்

என் பிரியமுள்ள சபுரா அக்காவுக்கு, உன் தம்பியின் ஸலாம்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் காப்பி இனி உன் பெயரிலேயே வரப்போகிறது. நீ மலையில் விளைவித்ததை இத்தனை வருடம் வாங்கி, வறுத்து விற்ற சென்னைக் கம்பெனிக்காரர்கள், நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் ரஹீமா பார்த்த முதல் வெள்ளாமையைக் குடித்துப் பார்த்தார்களாம். அம்மாவின் கை அப்படியே இருக்கிறது, பாக்கெட்டில் ‘சபுரா காப்பி’ என்றே போடுகிறோம் என்றார்களாம். விருதுநகர் மிளகாய் வியாபாரி வீட்டுப் பெண்ணின் பெயர், அக்கா! கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பஜாரில் நாலு பேரிடமாவது சொல்லாமல் நான் கடையைத் திறப்பதில்லை.

நீ கல்யாணமாகித் தாண்டிக்குடி மலைக்குப் போனபோது, காப்பிச் செடிக்கும் கனகாம்பரத்துக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு என்ன பாடு படுத்தினாய்! செக்கச் சிவந்த பழம் மட்டும்தான் கூடைக்குள் விழ வேண்டும். நாலு பச்சைக்காய் கிடந்தால், மச்சான் பறித்த கூடையாக இருந்தாலும் கீழே கொட்டிப் பொறுக்கச் சொல்வாய். பாலும் சீனியும் இல்லாமல் அந்தக் காப்பியை நீட்டினால் நம் அம்மா, “என்னடி இது, கசாயமா?” என்று முகத்தைச் சுளிப்பாள். நீ அசரவே மாட்டாய்.

இந்தப் பெருமையோடு ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். உன் முதல் வருடக் காப்பியைப் பற்றி.

அந்த வருடம் மலையில் மழை விடவில்லை. காய்ந்த காப்பியில் மறுபடி ஈரம் ஏறிவிடும் என்று ஏழு மூட்டைகளை என்னிடம் அனுப்பினாய். “ஏலே தம்பி, மிளகாப் பக்கம் மட்டும் வச்சிராத. காப்பி கண்டதோட வாசத்தையும் இழுத்துக்கிரும்” என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாய். முன் அறையில் உளுந்து லோடு இறங்கியிருந்தது. உன் மூட்டைகளை மிளகாய் வத்தல் குடோனிலேயே பத்து நாள் போட்டுவைத்தேன். முகர்ந்தும் பார்த்தேன், அக்கா. ஒரு நெடியும் இல்லை. பிறந்ததிலிருந்து மிளகாய்க்குள்ளேயே கிடக்கிற மூக்குக்கு நெடி எங்கே தெரியப்போகிறது?

சென்னையில் ருசி பார்த்தவர்கள் தொண்டை கமறுகிறது என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள். “நீ தனியாத்தானலே வச்ச?” என்று ஒரே ஒரு தரம் கேட்டாய். “ஆமாக்கா” என்றேன். “அப்ப என் கைதான் சரியில்ல” என்றாய். காப்பி கழுவுகிற தொட்டியில்தான் கோளாறு என்று நீயாகவே முடிவுகட்டினாய். அடுத்த வருடமே அதே ஆட்கள் தேடி வந்து வாங்கிய பிறகும், ஒவ்வொரு சீசனிலும் நீயே தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தாய். மலைக்கு வரும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்தது தெரியுமா?

போன வாரம் ரஹீமா போன் செய்தாள். பாக்கெட் சிவகாசியில் அச்சாகிறது, ஒரு நடை போய்ச் சரிபார்த்துக் கொடுங்கள் மாமா என்றாள். போனேன். அச்சக முதலாளி மாதிரித் தாளை நீட்டினார். பச்சை எழுத்தில் உன் பெயர் அவ்வளவு அழகு. கீழே உன்னைப் பற்றிச் சில வரிகள். அதில் ஒன்று: ‘முதல் வருடக் காப்பி இவரது கைத்தவறால் நிராகரிக்கப்பட்டது. அதிலிருந்து பாடம் கற்றார்.’

“பாய், சரின்னா கையெழுத்துப் போடுங்க. பின்னாடி பட்டாசு லேபிள் ஆர்டர் நிக்குது” என்றார் அவர்.

எப்படிப் போடுவேன்? நீ இருந்தவரை உன் மனதுக்குள் மட்டும் இருந்த பொய் அது. இனி கடை கடையாகப் போகும். வெளியே வந்து ரஹீமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மா இருக்கும்போது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல மாமா” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்த வரிய அடிச்சிருங்க. என்ன போடணுமோ நீங்களே எழுதிக் குடுங்க. கம்பெனியில நான் பேசிக்கிறேன்” என்றாள்.

எழுதினேன். ‘சபுராவின் காப்பி முதல் வருடமே நன்றாக இருந்தது. அதை மிளகாய்க் குடோனில் வைத்துக் கெடுத்தவன் அவர் தம்பி.’

முதலாளி படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாய், இத நெசமாவே போடவா? ஊரு பூராம் படிக்கும்ல?”

“படிக்கட்டும். எழுத்த கொஞ்சம் பெருசாவே போடுங்க” என்றேன்.

மச்சானிடமும் சொல்லிவிட்டேன். “விடு மாப்ள, அதனாலதான அவ அம்புட்டு சுத்தம் பாத்தா” என்று என்னைத் தேற்றுகிறார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். என் தப்பு உன்னைப் பெரிய ஆள் ஆக்கவில்லை. நீ முதல் கூடையிலேயே பெரிய ஆள்.

ஒரு வாக்குத் தருகிறேன். உன் பெயர் அச்சாகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த இரண்டு வரியும் இருக்கும். யார் எடுக்கச் சொன்னாலும் விடமாட்டேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை, அக்கா. அன்றைக்கே இல்லை.

சொன்ன பேச்சைக் கேட்காத, உன் கூடப்பிறந்த தம்பி,
கமால்