விசிட் விசாவின் கடைசிச் சனி

ஜனவரி 8, வியாழன்

மூடுபனி. ஜன்னலுக்கு எதிரே துபாய் ஜெபல் அலி துறைமுகத்துக் கிரேன் ஒன்றுகூடத் தெரியவில்லை. திங்களோடு விசா முடிகிறது. சூட்கேஸ் பாதிதான் கட்டியாயிற்று. இன்னும் வாங்க வேண்டியது: தைலம், பேரீச்சை, அத்தைக்குப் போர்வை.

அத்தை போன். சாப்பிட்டாயா என்றுகூட இல்லை, நேரே விஷயம்தான். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று இவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். இவரைப் பெற்ற தாயாகவே இருக்கட்டும், என் மாமியாரிடம் இதையா சொல்வார்கள்!

கல்யாணமாகி ஆறு வருஷம். சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் சில மாதம் தேறும். இரண்டு பேருக்கும் குறை இல்லை, ஒன்றாக இருங்கள், அதுதான் மருந்து என்றார் டாக்டரம்மா. எந்தக் கடையில் விற்கிறதாம்?

ஜன. 10, சனி

இவருக்கு லீவு. சிநேகிதர் காரை இரவல் வாங்கி, விடியுமுன் கிளம்பி, மேற்கே வெகுதூரம். பிறகு படகு. எரிமலைத் தீவாம்.

படகுத்துறை பாத்ரூமில் தெரிந்துவிட்டது. வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வெளியே இவர் ஜூஸோடு. சொல்லவில்லை. இன்று ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

கறுப்பும் சிவப்பும் ஊதாவுமாக மலை. மரத்தடியில் மான்கள், குட்டிகளோடு. கைடு பாகிஸ்தான்காரர். இவர் அவரிடம் இந்தியில் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார்: பூமிக்கு அடியிலிருந்த உப்பு, எரிமலைக் கல்லையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டதாம். இவ்வளவு பேசுகிற மனுஷன் எனக்குப் புதுசு.

என்னை மேடு ஏறவே விடவில்லை. "இப்ப நீ ஏறக்கூடாது செல்வி." தனியாக ஏறிப் போய் உச்சியிலிருந்து கையாட்டினார். நானும் ஆட்டினேன். அடிவயிற்றில் வலி. அழகான இடம். எனக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

திரும்பும்போது அபுதாபி தாண்டி, கேட்காமலே அங்கிருக்கிற இந்துக் கோயிலுக்கு வண்டியைத் திருப்பினார். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாமாம்.

"நான் வரலைங்க. நீங்க போய்ட்டு வாங்க."

ஏன் என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண் கோயில் வாசலில் வரவில்லை என்றால் வேறென்ன இருக்கும்.

"எப்ப?"

"காலையிலேயே."

இவரும் உள்ளே போகவில்லை. "நாள் முழுக்க உள்ளயே வச்சுக்கிட்டா இருந்த?" என்று கேட்டார். அதற்குத்தான் அழுகை வந்தது.

ஜன. 11, ஞாயிறு

மீன் குழம்பு, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி. எல்லாம் இவருக்கு டப்பாவில், பெயர் எழுதி. பேச்சு அதிகமில்லை. அடுத்த லீவு எப்போது என்று கேட்டேன். ரெண்டு வருஷம், பார்க்கலாம் என்றார். என்னத்தைப் பார்ப்பது.

ஜன. 12, திங்கள்

ஏர்போர்ட். சூட்கேஸ் போட்டாயிற்று. அத்தை போன், மறுபடி அதே கேள்வி. நான் முழிப்பதைப் பார்த்து இவர் போனைப் பிடுங்கிவிட்டார்.

"கொறை எனக்குத்தாம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க. அவள ஒண்ணும் கேக்காத."

பச்சைப் பொய். அந்தப் பக்கம் அத்தை அழுவது எனக்கே கேட்டது. ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

"அம்மாவோட அந்த வீட்ல இருக்கப்போறது நீதான?"

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.