குளிர்ந்த வைனும் சுட்ட சாளையும்

ஏப்ரல் 12, 2024, வெள்ளி

இவர் ஓய்வுபெற்று இது இரண்டாவது கிழமை. டோர்வல் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட முப்பது வருடம் பயணப்பெட்டி ஏற்றி இறக்கியவர், எப்போதும் இரவு வேலை. நான் பகலில் கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். விடியப் போகும்போது தட்டில் சோறு போட்டு மூடி வைப்பேன். பின்னேரம் வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், இவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பார். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்தத் தட்டில்தான் நடந்தது.

இப்போது பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே மேசையில். என்ன கதைப்பது? உப்புக் காணுமோ என்று கேட்டேன். போதும் என்றார். அவ்வளவுதான்.

மகள் ஷெரோன் ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்தாள். அவளுக்குப் பிள்ளை ஓகஸ்டில். எனக்கும் ஜூனோடு வேலை முடிகிறது. வந்து தங்களோடேயே இருக்கச் சொல்கிறாள். சரி என்றுவிட்டேன். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறேன் என்று மட்டும்தான் இவருக்குத் தெரியும். திரும்பி வர எனக்கு எண்ணமில்லை என்பதை எப்படிச் சொல்வது? இவர் கெட்டவர் இல்லை. எனக்குப் பழக்கமில்லாதவர்.

ஏப்ரல் 20

சோறு, டிவி, நித்திரை.

மே 4, சனி

இவரோடு வேலை செய்த அவெலினோ வந்தார். போர்த்துக்கலின் வடக்குப் பக்கத்து மனிதர். பெண்சாதி இறந்து சில வருடங்கள். ஓய்வுபெற்ற அன்று அவர் கொடுத்த வெள்ளை வைன் போத்தலை இவர் விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் பிரண்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதைக் கண்டு அவெலினோ தலையில் கை வைத்தார். இது வருடக்கணக்காய் வைத்திருக்கிற சாமான் இல்லை, புதிதாக இருக்கும்போதே நன்றாகக் குளிரவிட்டு மீனோடு குடித்து முடித்துவிட வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்லி, ஐஸ் வாளிக்குள் இறக்கினார்.

பின்வளவில் அவரே சாளை மீன் சுட்டார். கல்லுப்பைத் தவிர ஒன்றும் போடவில்லை. நான் மிளகாய்த்தூளோடு ஓடினேன். வேண்டாமென்று கையைக் காட்டினார். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் ஒலிவ் எண்ணெய், அரிந்த வெங்காயம், பாண். அவ்வளவுதான் விருந்து.

கேட்காமலே எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார். எனக்கு வைன் என்றால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாய் இனிப்பு வைன். இது இனிக்கவில்லை. தேசிக்காய்த் தோலைக் கிள்ளின மணம். நாக்கில் ஒரு சின்னச் சுரீர், உடனே அடங்கியும் விட்டது. மீனின் எண்ணெய்ப்பற்றை அப்படியே கழுவிக்கொண்டு போனது. அடுத்த துண்டு மீனும் முதல் துண்டு மாதிரியே ருசித்தது.

பேந்து அவெலினோ கதிரையைத் தட்டித் தங்கள் மொழியில் பெயர் சொன்னார்: கதெய்ரா. மேசை, மேஸா. குசினி, குஸின்யா. எங்கள் வீட்டில் பாதிச் சாமான் அவருடையதாம். இவர் வாய் விட்டுச் சிரித்தார். இவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

மே 11

இவரே போய் அதே மாதிரி ஒரு போத்தல் வாங்கி வந்தார். நான் வழக்கம்போல உறைப்பாக மீன்குழம்பு வைத்தேன். பிழையாய்ப் போனது. உறைப்புக்கு மேல் வைன் பட, வாய் எரிந்ததுதான் மிச்சம். நாளைக்குச் சொதி வைக்கச் சொன்னார். நாளைக்கு இதைச் சமை என்று இவர் கேட்டதே இல்லை.

மே 12, ஞாயிறு

இடியப்பம், வெள்ளைச் சொதி, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டுப் பொரித்த றால். அருமையாகச் சேர்ந்தது. தேங்காய்ப்பாலுக்குத் தேசிக்காய் விட்ட மாதிரி.

ஒரு கிளாஸ்தான். ஆனால் அது முடியும்வரை எழும்ப முடியாதே. எதையாவது கதைக்க வேண்டிவருகிறது. ஒரு ஜனவரியில் பனிக்காற்றுக்குள் விமானத்துக்குப் பக்கத்தில் கூண்டோடு ஒரு நாய் காத்திருந்ததாம். நடுங்கியதாம். ஏற்றும்வரை காற்றுக்குக் குறுக்கே இவர் நின்றாராம், கூண்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நான் வரேக்க நீர் வேலைக்குப் போயிட்டீர்."

உண்மைதான்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து, கோயிலில் பழக்கமான அக்னெஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஞானேந்திரன் அண்ணை (இவரைத்தான்) மனுசிக்கும் குடிக்கப் பழக்கிவிட்டாராம், கேள்விப்பட்டாளாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு முகம் கொதித்தது. என்ரை வீட்டு மேசையிலை என்ரை மனுசனோடை இருந்து ஒரு வாய் குடிச்சா இவைக்கு என்ன? இவ்வளவு காலமும் நான் தனியச் சாப்பிட்டனே, அப்ப ஆர் வந்து கேட்டது?

இவர் கோபப்படவில்லை. அடுத்த சனிக்கு மீன் சாப்பிட வரச்சொல்லி அக்னெஸைக் கூப்பிட்டார். காரில் ஏறியதும் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூன் 22

அக்னெஸ் வந்தாள். வைனைத் தொடவில்லை. மீன் ஐந்து சாப்பிட்டாள்.

ஜூலை 13, சனி

ஷெரோன் இவரோடு கதைத்திருக்கிறாள். எனக்கென்று கீழே அறை கட்டி முடிந்துவிட்டதாம், அம்மா இனி இங்கேதானே என்று சொல்லியிருக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டில் இவர் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தார். எடுத்த சதையை என் தட்டில் வைத்தார்.

"நல்ல அறையாம்" என்றார்.

மறைக்க ஏலாது. "ஏப்ரலிலை நினைச்சனான், திரும்பி வராம விடுவம் எண்டு."

"இப்ப?"

இவர் வைத்த மீனை எடுத்துச் சாப்பிட்டேன்.

"நீர் போம். பிள்ளைக்குத் தாய் வேணும். ஆனா இந்த மேசையிலை நீர் இருக்கிறது எனக்கு விருப்பம். அதைச் சொல்லாமல் விட்டிட்டன் எண்டு பேந்து நினைக்கக் கூடாது."

கல்யாணம் பேசி வந்தபோதும் இவர் விருப்பம் என்று ஒரு சொல் சொன்னதில்லை. அப்போது பெரியவர்கள் சொன்னார்கள்.

ஜூலை 14

பூசையில் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

ஓகஸ்ட் 19, ரொறொன்ரோ

பேத்தி. சுகப்பிரசவம். ஆண்டவருக்குத் தோத்திரம். அறை உண்மையிலேயே நல்ல அறை.

ஓகஸ்ட் 30, ரொறொன்ரோ

பகல் சாப்பிட இருந்ததும் இவர் எடுத்தார். என்ன சாப்பாடு என்று கேட்டார். தானும் சாப்பிடுகிறாராம், தக்காளியும் பாணும். போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஷெரோன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு, பியர்பொன்ட்ஸ்

பின்வளவில் இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. சுவெற்றர் போட்டுக்கொண்டு வெளியிலேயே சாப்பிட்டோம்: கோழி சூப், பாண், ஒரு துண்டு சீஸ். சாப்பாட்டுக்கு நடுவில் ஷெரோன் எடுத்தாள். அம்மா எப்ப வாறீங்கள், கீழே அறை சும்மா கிடக்குது என்றாள்.

நத்தாருக்கு வருகிறோம் என்றேன். ஒற்றைக் கட்டிலை எடுத்துவிட்டுப் பெரிய கட்டில் போடச் சொன்னேன்.

இவர் தலையை நிமிர்த்தவில்லை. போத்தலை எடுத்து என் கிளாஸில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தனக்கு ஊற்றினார்.