மூக்கில் தெளித்த மருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. வேலைக்குப் போன ஊரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருங்கள். உன் மகள் சுண்டெலிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தையல் காய்கிறது. இதெல்லாம் உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன், வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தை பயப்படாமல் இருக்க ஒரு தூக்க மருந்து கொடுப்பார்களாம். சின்னக் கப்பில் சிவப்பாக, சர்பத் மாதிரி இருந்தது. உன் மகளைத்தான் தெரியுமே, எந்த மருந்தானாலும் நான் முதலில் ருசி பார்த்து ஆகா என்றால்தான் வாயைத் திறப்பாள். நர்ஸம்மா தடுப்பதற்குள் பெரிய நடிகன் மாதிரி உதட்டில் வைத்துவிட்டேன். அப்படி ஒரு கசப்பு, மூஞ்சி என்னையும் மீறிக் கோணிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். ஒரே தட்டு, அத்தனையும் என் சட்டையில். டாக்டரைக் கேட்டுவிட்டு வந்த நர்ஸம்மா, மூக்குல தெளிச்சிடலாம், கொஞ்சம் எரியும், நீங்க கையைக் கெட்டியா பிடிச்சுக்குங்க என்றாள். பிடித்துக்கொண்டேன். அம்மாகிட்ட சொல்லிடுவேன், அம்மாகிட்ட சொல்லிடுவேன் என்று கத்திக்கொண்டே இருந்தாள், குரல் தேய்ந்து தேய்ந்து தலை என் தோளில் விழுந்தது. அந்தப் பிஞ்சுக் கை என் பிடிக்குள் திமிறியது இன்னும் என்னை விட்டுப் போகவில்லையம்மா.

கண் விழித்ததிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் தண்ணீர் நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள், அதே டம்ளரை உன் அம்மா கொடுத்தால் குடிக்கிறாள். உங்க பவுசு இவ்வளவுதானா என்று உன் அம்மா கேலி செய்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாளில் மறந்துவிடுவாள் என்கிறாள். மறக்கட்டும், ஆனால் யாரும் என்னைத் தட்டிக் கேட்காமலே அது மறந்துபோக வேண்டாம்.

உன்னிடம் அவள் சொல்லும்போது, உன் நல்லதுக்குத்தான் தாத்தா செய்தார் என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை நாங்கள் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. என்னைத் திட்டு. அவள் காதில் விழும்படி சத்தமாகத் திட்டு, நான் பக்கத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். தனக்காகச் சண்டை போட அம்மா இருக்கிறாள் என்று குழந்தைக்குத் தெரியட்டும்.

இருவரும் குறைவில்லாமல் இருக்க என் ஆசிகள். உன் அம்மா இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், பார்த்ததும் கூப்பிடு, வேலை என்று தள்ளிப்போடாதே. சுண்டெலி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அப்பா