பெயருக்குக் கீழே ஒரு வரி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அக்கா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தாலா, மாடிப்படி ஏறுவதை நிறுத்தியதாலா தெரியாது, அவர் தைலத்துக்குத்தான் பெருமை கொடுக்கிறார். குட்டி தவழுகிற படத்தைப் பார்த்தேன், அவளுக்குத் தரை குளிராதா, கீழே ஏதாவது கனமாக விரித்து விடுங்கள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று ஆரம்பித்துவிடுவாய். இந்தத் தடவை உன் சரிம்மா எனக்கு வேண்டாம். கடைசி வரை படி, நடுவில் எழுந்து போகாதே, எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

போன மாதம் நான் வேலை பார்த்த அதே பத்திரிகையில், நான் பார்த்துக்கொண்ட அதே கட்டுரைப் பக்கத்தில், அரைப் பக்கத்துக்கு ஓர் அறிக்கை வந்தது. சமநிலைச் சிந்தனை மன்றம் என்று ஒரு கூட்டம். கடல் மட்டம் உயரவில்லை, காலநிலை மாறுகிறது என்பதெல்லாம் கிளப்பிவிட்ட பீதி, கடல் ஏறும் என்று பயந்து நம் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மேட்டுக்கு மாற்றுவது வீண் வேலை, நகரசபை அதைக் கைவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தலைப்பு கொட்டை எழுத்தில், முன்னணி விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள் என்று. கீழே கையெழுத்துப் போட்டவர்கள் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் யார் என்று ஒரு வரி. முதல் பெயர் உன் சித்தப்பா. மருத்துவ விஞ்ஞானி டாக்டர் என்று போட்டிருந்தது. இந்த ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவர், நல்ல கைராசிக்காரர், எனக்கே இரண்டு பல் கட்டியவர், அதை நான் மறுக்கவில்லை. பல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு அடுத்து கட்டமைப்பு அறிவியல் அறிஞர் ஒருவர், யாரென்று பார்த்தால் கடைத்தெரு நடைபாதையைக் குத்தகை எடுத்துப் போட்ட நம் காண்டிராக்டர், அந்த நடைபாதையில் தடுக்கி விழாதவர் யாரும் இல்லை. அடுத்து முனைவர், மூத்த பேராசிரியர். அவர் முனைவர் பட்டம் வாங்கியது சோப்பு விளம்பரங்களைப் பற்றி ஆராய்ந்து. அதற்கடுத்து போக்குவரத்து அமைப்பியல் வல்லுநர் என்று படித்துவிட்டு, இது யாருடா புதுசாக என்று பெயரைப் பார்த்தால், உன் அப்பா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் என்னவோ அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்கு வந்தேன், சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. உன் பெயர். உலகப் புகழ்பெற்ற வானிலை ஆய்வு மையத்தில் பணியாற்றும் பொறியியல் வல்லுநர், இவ்வூரில் பிறந்தவர்.

நான் அங்கே என்ன வேலை பார்த்தேன் என்று உனக்கு எப்போதாவது சரியாகத் தெரிந்திருக்குமா, தெரியவில்லை. பத்திரிகை ஆபீஸ் என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் சொல்லுவாய். என் வேலையே அந்த ஒரு வரிதான். யார் கட்டுரை எழுதினாலும் அவர் எந்தத் தகுதியில் பேசுகிறார் என்று கீழே எழுதுவது. அவர்கள் அனுப்புகிற வரியை நான் ஒரு நாளும் அப்படியே போட்டதில்லை. அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போன் பண்ணுவேன், பெரிய ஆட்களைக் கேட்க மாட்டேன், வரவேற்பில் இருப்பவரைக் கேட்பேன், இன்னார் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று. அணுசக்தித் துறையோடு நீண்டகாலத் தொடர்பு உள்ளவர் என்று எழுதி அனுப்பின ஒருவர் அங்கே கேண்டீன் நடத்துகிறவர் என்று தெரிந்து அதையே போட்டேன், அவர் ஆபீசுக்கு வந்து குதி குதி என்று குதித்தார். பொய் எழுதுகிறவனைப் பிடித்துவிடலாம், கண்ணா. எல்லாச் சொல்லும் உண்மையாக இருந்து மொத்தத்தில் பொய்யாக இருக்கிற வரிதான் ஆபத்து. உன் வரி அப்படிப்பட்ட வரி. மையம் புகழ்பெற்றது, உண்மை. நீ அங்கே வேலை பார்க்கிறாய், உண்மை. நீ என்ஜினியர், உண்மை. இந்த ஊரில் பிறந்தாய், அதற்கு என்னைவிடச் சாட்சி யார்? ஆனால் நீ அங்கே பார்ப்பது அந்தப் பெரிய கம்ப்யூட்டர்கள் சூடாகிவிடாமல் வைத்திருக்கிற குளிரூட்டும் இயந்திரங்களை. அது லேசான வேலை என்று நான் சொல்லவில்லை, நீ ஒரு நாள் அசந்தால் அவர்கள் கணக்கெல்லாம் நின்றுபோகும், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அதை எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் கடலைப் பற்றி என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வரியைப் படிக்கிறவர் யாருக்காவது அது தோன்றுமா?

நீ எங்கே கையெழுத்துப் போட்டாய் என்று விசாரித்தால் அது இன்னும் அழகு. நம் குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா அந்த அறிக்கையின் முழு வடிவத்தை, பத்துப் பக்கத்தை அனுப்பி, நல்ல காரியம், நம்ம வீட்டுப் படிச்சவங்க எல்லாம் ஆதரவு தரணும் என்று போட்டாராம். சித்தப்பா எதை அனுப்பினாலும் நீங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைப் போடுவீர்களே, பூனைப் படத்துக்கும் அதே விரல், சாவுச் செய்திக்கும் அதே விரல். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்பாவின் விரலும் அதில் ஒன்று. நான் நேராகச் சித்தப்பாவின் கிளினிக்குக்கே போய்க் கேட்டேன். பல் நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார், இவர் கையில் கருவியை வைத்துக்கொண்டு, அண்ணி, நான் யாரையும் ஏமாத்தல, எந்த வார்த்தை தப்புன்னு சொல்லுங்க என்கிறார். கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லையா என்கிறார். தாராளமாகக் கேளுங்கள், பல் மருத்துவர் என்று போட்டுக்கொண்டு கேளுங்கள் என்றேன். பல் டாக்டர் சொன்னா யாரு கேப்பாங்க என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் திறந்த வாயோடு என்னையே பார்த்தார். அதற்குமேல் நான் என்ன பேசுவது, வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டவர்களில் ஒரே ஒருவர், பெயர் வேண்டாம், காற்றையும் மேகத்தையும் வாழ்நாள் முழுக்கப் படித்தவர்தான். அவர் சொல்வது தவறு என்று அவர் துறைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள், அவரும் விடாமல் பதில் எழுதுகிறார், அது அறிந்தவர்களுக்குள் நடக்கிற சண்டை, அவர் பெயருக்குக் கீழே என்ன போட்டாலும் தகும். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிட்டார்கள். இதைவிட என் வயிறு எரிந்தது எதற்கென்றால், பக்கத்திலேயே மறுதரப்பு என்று துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளக்கிற ஓர் அம்மாவின் நாலு வரியைப் போட்டிருந்தார்கள். அவர் பட்டம் வாங்கியதே அந்தப் படிப்பில், வேலையும் அதே வேலை. அவருக்குக் கீழே என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா, சுற்றுச்சூழல் ஆர்வலர். ஏதோ ஒரு கூட்டத்தில் ஒரு தடவை பேசினாராம், அதனால் ஆர்வலர். பல் பிடுங்குகிறவர் விஞ்ஞானி, கடலை அளக்கிறவர் ஆர்வலர். பத்திரிகை ஆபீசுக்கும் போனேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் மரியாதையாக நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், அவங்கவங்க அனுப்பினதை அப்படியே போட்டுடுறோம்மா, கை வெச்சா வக்கீல் நோட்டீஸ் வருது என்று மழுப்பினார். துறைமுகத்தம்மா அனுப்பினதைப் போடவில்லையே என்றேன். இடம் பத்தலை என்றார். தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. பிரிவை மாற்றச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதின மனுவிலும் தலைமை டாக்டரைச் சூழலியல் நிபுணர் என்று போட்டிருந்தார்கள், அதை அடித்துவிட்டுக் குழந்தை மருத்துவர் என்று எழுதச் சொன்னேன். அக்காவுக்கு என்மேல் ஒரே ஆத்திரம், நம்ம பக்கத்தையே வெட்டுறியே என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் உண்டு. நீ அவளிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று தெரியாது, அதனால் நான் சொல்கிறேன். பிரசவப் பிரிவு இன்னும் தரைத்தளத்தில்தான் இருக்கிறது, அவள்தான் இப்போது அங்கே தலைமை நர்ஸ். முன்பெல்லாம் பெருமழை அடித்தால்தான் ஆற்றுமுகத்துத் தண்ணீர் உள்ளே வரும். இப்போது வானம் வெளுத்திருக்கிற நாளிலும் கடல் பெருகினால் கழிவுக்குழாய் வழியாக மேலே கொப்பளிக்கிறது. சாக்கடை தூர்ந்திருப்பதும் ஒரு காரணம், அதை யாரும் மறுக்கவில்லை. போன தடவை வந்தது காலை நேரத்தில், தாய்மார்கள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது. மின்சாரத்தை நிறுத்தவேண்டியதாயிற்று, குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கிற சூட்டுப்பெட்டிகள் அணைந்துவிட்டன. உன் அக்கா ஒரு குழந்தையைத் தன் சட்டைக்குள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, படியேறி, மேலே சூடு கிடைக்கிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிழைத்துவிட்டது. அடுத்த தடவை எத்தனை சட்டை வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். அந்தப் பிரிவை மேட்டுக்கு மாற்றவேண்டாம் என்கிற தாளில்தான், கண்ணா, உன் பெயர் இருக்கிறது.

போன வாரம் நகரசபையில் பொதுமக்கள் கருத்து சொல்லலாம் என்று கூட்டம் வைத்தார்கள். வீட்டு விஷயத்தை வெளியே இழுக்காதே, தம்பி முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று அப்பா தடுத்தார். நீங்கள் வராவிட்டால் போங்கள், நான் போகிறேன் என்றேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். மன்றத்தின் வக்கீல் எழுந்து பெயர்களை வாசித்தார், உன் பெயர் வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, நம்ம ஊர்ப் பிள்ளை, வானிலை மையத்திலேயே இருக்கிறவர், அவரே சொல்கிறார் என்று அழுத்தினார். உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, அவன் என் மகன், அங்கே குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்க்கிறான், வானிலை அவன் துறை இல்லை என்று சொன்னேன். கூடம் கொஞ்சம் சலசலத்தது. சித்தப்பா முன்வரிசையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது நான் எதிர்பார்க்காமல், பக்கத்தில் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "என் பேரையும் எடுத்துடுங்கய்யா. நான் பஸ் டிப்போ மேனேஜரா இருந்தவன். எனக்கு இதெல்லாம் தெரியாது." அவ்வளவுதான் சொன்னார். கத்தரித்து வைத்திருந்த அந்தக் காகிதம் இப்போது அலமாரியில் இல்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவின் பெயரை அங்கேயே அடித்துவிட்டார்கள். உன் பெயரை அடிக்கவில்லை. நகரசபைத் தலைவர் பொறுமையானவர், அவர் சொன்னதில் தவறும் இல்லை. வளர்ந்த பிள்ளை, அவர் பெயரை எடுப்பதோ வைப்பதோ அவர்தான் சொல்ல வேண்டும், தாயாராக இருந்தாலும் நீங்கள் சொல்ல முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரிம்மா, அவர் வேலையைச் சொன்னீங்க. உங்க மகன் இதைப் பத்தி என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார். சின்னவனே, எனக்குப் பதில் தெரியவில்லை. வேலைக்காலம் முழுக்க யார் யாரையோ அவர் யார், என்ன அறிந்து பேசுகிறார் என்று துருவிக் கேட்டவள், என் வயிற்றில் பிறந்தவன் என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் அத்தனை பேர் நடுவில் நின்றேன். அவமானமாக இருந்தது. உன்மேலும் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். மாதக் கடைசியில் அடுத்த கூட்டம், அதற்குள் உன் கைப்பட ஏதாவது வந்தால் அதைப் பதிவு செய்கிறார்கள், வராவிட்டால் உன் பெயர் அப்படியே இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுக்குக் கை தூக்குவார்கள்.

நீ என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பத்துப் பக்கத்தையும் முதலில் படி. துறைமுகத்தம்மா எழுதினதையும் இதோடு வைத்திருக்கிறேன், அதையும் படி. உன் மையத்தில் அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் உன் இயந்திர அறைக்கு நாலு கதவு தள்ளித்தானே இருப்பார்கள், ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேள். கேட்டுவிட்டு, மன்றம் சொல்வதுதான் சரி என்று உனக்குப் பட்டால் அதையே எழுது, நான் சண்டை போடுவேன், ஆனால் உன் வாயைப் பொத்த மாட்டேன். எதை எழுதினாலும் நீ என்ன வேலை பார்க்கிறவன் என்று முதல் வரியில் எழுதிவிட்டு எழுது. சித்தப்பா வருத்தப்படுவாரே என்று தயங்காதே, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், எப்படியும் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, அவரிடம்தான் போகவேண்டும்.

நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும். குட்டி நல்ல உடம்போடு, கேள்வி கேட்கிற பெண்ணாக வளரட்டும். குளிரில் காதை மூடாமல் வேலைக்குப் போகாதே, உனக்குச் சிறுவயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். அக்கா நீ எழுத மாட்டாய் என்கிறாள். அவனாவது எழுதறதாவது, ஒரு விரல் போடுவான் பார் என்கிறாள். என் மகன் எழுதுவான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். யாரையும் கேட்டுச் சரிபார்க்காமல், வாழ்நாளில் நான் ஒருவரைப் பற்றிச் சொன்ன ஒரே வரி அதுதான்.

பாசத்துடன்,
அம்மா